பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியை வெளியே எடுத்த அன்றே கிக்கரை மிதிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு மவுசு கூடியிருப்பது பற்றி நாளிதழ்களில் அவ்வப்போது செய்தி வருகிறது. எந்த வண்டி என்ன விலைக்குப் போகிறது என்பதெல்லாம் விவரமாக வருகிறது. ஆனால் பத்து, பதினைந்து வருடம் மாட்டுக் கொட்டகையிலோ மாடிப்படிக்கு அடியிலோ கிடந்த வண்டியை வெளியே எடுத்தால் முதல் நாள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று யாரும் எழுதுவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் தூசி தட்டி எடுக்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் வாங்கி ஊற்றுகிறார்கள். நாலு பேர் மாறி மாறிக் கிக்கரை மிதிக்கிறார்கள். வரவில்லை என்றதும் இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளுகிறார்கள். பத்து வருடம் சும்மா கிடந்ததில் ஆகாத சேதம் அந்த அரை மணி நேரத்தில் ஆகிவிடுகிறது. பட்டறைக்கு வரும்போது போரில், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவரில், கோடு விழுந்திருக்கும். பிஸ்டனால் சுற்றும் தண்டான கிராங்க் உறுமும். சில நூறு ரூபாய் சீலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை முழு என்ஜின் வேலையாக மாறியிருக்கும்.

யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ வைத்தே சொல்கிறோம். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் மூலையில் கிடப்பது அதுதான். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 1996 வரை தயாரித்த வண்டி. 98 சி.சி., போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ., 7,500 ஆர்.பி.எம்.மில் 11 குதிரைத்திறன், நாலு கியர். கடைசியாக வந்த வண்டிக்கே ஏறக்குறைய முப்பது வயது. யெஸ்டி, ராஜ்தூத், ஓசூரில் தயாரான சுசுகி ஏ.எக்ஸ். 100 வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஏன் மிதிக்கக் கூடாது? ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்குக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும். எத்தனை வருடம் கிடந்தாலும் நாலு சுற்று சுற்றினால் எல்லா இடத்துக்கும் ஆயில் ஏறிவிடும். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறை காலி. பெட்ரோலும் காற்றும் சிலிண்டருக்குப் போகும் வழியே அந்த அறைதான். அதோடு கலந்து வரும் டூ-டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்கென்றே உள்ள ஆயில்) தவிர கிராங்க் பேரிங்குக்கும் கனெக்டிங் ராடுக்கும் பிஸ்டனுக்கும் வேறு மசகு கிடையாது. வண்டி நின்ற அன்று ஒட்டியிருந்த ஆயில் வருடக்கணக்கில் வடிந்து காய்ந்திருக்கும். மழைக்காலத்தில் உள்ளே வேர்க்கிற ஈரம் பேரிங் குண்டுகளில் புள்ளி புள்ளியாகத் துருவை வைத்திருக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் கரியோடும் துருவோடும் போரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே ஓங்கி மிதித்தால் அந்தத் துருவே உப்புத்தாள் மாதிரி போரைத் தேய்க்கும். ஒட்டிய ரிங், போர்ட் (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் துவாரம்) விளிம்பில் மாட்டினால் உடையும். தள்ளினால் இன்னும் மோசம், வண்டியின் 100 கிலோ எடையும் ஓட்டமும் ஒட்டிப்போன பிஸ்டன் மீது இறங்கும்.

ஆகவே முதல் வேலை பிளக்கைக் கழற்றுவது. அதற்கும் முன்னால் பிளக் குழியில் இருக்கும் மண்ணைக் காற்றடித்து ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். டீசலும் டூ-டி ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து 10 முதல் 15 மி.லி. பிளக் ஓட்டை வழியாக விட்டு இரண்டு நாள் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் ஊற்ற வேண்டாம், கிராங்க் அறையில் போய்த் தேங்கும். பிறகு பிளக் இல்லாமலே டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். நூல் அளவு அசைந்தாலே போதும், அடுத்த நாள் விரற்கடை அசையும். நாலைந்து நாளாகியும் அசையவில்லை என்றால் ஸ்பேனரில் பைப் மாட்டி நெம்பாமல் ஹெட்டையும் (சிலிண்டரின் மூடி) பிளாக்கையும் (சிலிண்டர்) தூக்கிவிடுவதே மேல். பிளாக் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் மரச் சுத்தியலால் போர்ட் பக்கம் லேசாகத் தட்டலாம். சூடு ஆற வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின்னில் தட்டினால் உடைந்து போகும், பிறகு ஒட்டவே முடியாது.

என்ஜின் சுற்றுகிறது என்றால் ஹெட்டைத் தூக்காமலே உள்ளே பார்க்க ஒரு வழி உண்டு. சைலன்சரைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றி எடுத்துவிட்டு, எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக டார்ச் அடியுங்கள். பின் சக்கரத்தை மெல்லச் சுற்றினால் பிஸ்டனின் முன்பக்கம் முழுவதும் மேலும் கீழும் கண்முன் நகரும். பளபளவென்றோ இளம்பழுப்பாகவோ இருந்தால் நல்லது. செங்குத்தாகக் கோடு கோடாக, அலுமினியம் இழுபட்ட மாதிரி இருந்தால் முன்பே ஒரு முறை ஜாம் ஆன என்ஜின். ரிங் போர்ட்டுக்கு நேராக வரும்போது மெல்லிய மூங்கில் குச்சியால் ரிங்கை அழுத்துங்கள். உள்ளே போய்த் திரும்பி வந்தால் ரிங் உயிரோடு இருக்கிறது. கல் மாதிரி நின்றால் பிளாக் இறங்கியே ஆக வேண்டும். கழற்றின சைலன்சருக்குள்ளும் ஒரு பார்வை பாருங்கள், கிராமத்தில் கிடந்த வண்டி என்றால் பாதிக்குப் பாதி குளவிக் கூடு இருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி வைத்த பஞ்சு இருக்கும். அதிலிருக்கும் ஸ்பாஞ்ச் தொட்டாலே உதிரும். உதிர்ந்த தூளை என்ஜின் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் புது ஸ்பாஞ்ச் போடாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம்: கிராங்க் சீல். எல்லாரும் கார்புரேட்டரையே திறந்து பார்க்கிறார்கள், சீலை யாரும் நினைப்பதில்லை. கிராங்க் அறையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை காற்றை இழுத்து ஒரு முறை அழுத்த வேண்டும். இரண்டு பக்கமும் உள்ள ரப்பர் சீல்தான் அந்த அறையை அடைத்து வைத்திருக்கிறது. ஆயில் படாமல் கிடந்தால் சீலின் உதடு கடினமாகிவிடும். இடது பக்கம், அதாவது மின்சாரம் தரும் மேக்னட் பக்கச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே நுழையும். கலவையில் பெட்ரோல் குறையும், அதோடு ஆயிலும் குறையும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்.பி.எம். இறங்காமல் மேலேயே தொங்கும். 'வண்டி நல்லா பிக்கப்பா இருக்கு' என்று சந்தோஷப்படுவார்கள். பத்து கிலோமீட்டரில் பிஸ்டன் பிடித்துவிடும். வலது பக்கம், கிளட்ச் பக்கச் சீல் போனால் கதை வேறு. என்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சும். சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, பிளக்கில் கருப்பு ஈரம், கியர் ஆயில் மட்டம் வாரத்துக்கு வாரம் இறங்கும். 'ரிங் போயிடுச்சு' என்று சிலிண்டரைக் கடைந்து போர் போட்டுக்கொடுத்த பிறகும் அந்தப் புகை நிற்காது. ஏனென்றால் ரிங்கில் கோளாறே இல்லை.

சீலைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். கையில் சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கிற பழைய கருவியின் டயலும் காற்றடிக்கும் ரப்பர் உருண்டையும் போதும். கார்புரேட்டரை எடுத்துவிட்டு இன்டேக் வாயை இறுக்கமான ரப்பர் கட்டையால் அடையுங்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டின் மீது லாரி டியூப் துண்டை வைத்து, மேலே ஒரு இரும்புத் தகட்டைச் சைலன்சர் நட்டுகளாலேயே இறுக்குங்கள். ஆயில் பம்ப் குழாய் வந்து சேரும் ஓட்டையை அடைக்க மறக்க வேண்டாம். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு அந்த ஓட்டையில் ரப்பர் குழாயைப் பசை வைத்துச் செருகினால், பிளக் துளைக்கு ஏற்ற இணைப்பு தயார். பிஸ்டன் கீழே இருக்கும்படி வைத்து, டயலில் 280 வரும்வரை காற்றடியுங்கள். அது சதுர அங்குலத்துக்கு ஐந்தரை பவுண்டு அழுத்தம். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் மடங்கும். நல்ல என்ஜினில் முள் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். நிமிடத்துக்கு 50 வரை இறங்கினால் கடைசி எல்லை, அதற்கு மேல் இறங்கினால் ஓட்டை இருக்கிறது. சோப்புத் தண்ணீரை ஹெட் கேஸ்கெட், பிளாக் அடி கேஸ்கெட், இன்டேக் ரப்பர் ஆகியவற்றில் தடவிப் பாருங்கள். இன்டேக் ரப்பர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வளைத்தால் உட்பக்கம் வெடிப்பு தெரியும். எங்கும் குமிழி இல்லை என்றால் மேக்னட்டைக் கழற்றி இடது சீலில் தடவுங்கள். அங்கேயும் இல்லை என்றால் கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வாயில் சோப்புப் படலம் வைத்துப் பாருங்கள், ஊதி எழும்பினால் வலது சீல்தான்.

மேக்னட்டைக் கழற்றப் புல்லர் கட்டாயம். கிராங்க் முனையில் சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கிராங்க் கோணிவிடும், மேக்னட்டின் காந்த சக்தியும் குறையும். இடது சீல் மேக்னட் தட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. வலது சீலுக்குக் கிளட்ச் பக்கக் கவரை இறக்க வேண்டும். அவ்வளவு தூரம் போன பிறகு கிராங்க் பேரிங்கையும் பார்த்துவிடுவது நல்லது. கனெக்டிங் ராடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அது குறையில்லை. மேலும் கீழும் துளி ஆட்டம் தெரிந்தாலும் ராடு கிட் மாற்ற வேண்டும். பேரிங்கைச் சுற்றும்போது மணல் அரைப்பது மாதிரி கரகரத்தால், கழுவி ஆயில் விட்டுச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது ஆயில் பம்ப். ஆர்.எக்ஸ். வண்டியில் ஆயிலைப் பெட்ரோலில் கலக்க வேண்டியதில்லை, தனி டேங்கிலிருந்து பம்ப்பே அனுப்பும். ஆக்சிலேட்டர் கேபிள் நடுவில் இரண்டாகப் பிரிந்து ஒன்று கார்புரேட்டருக்கும் மற்றொன்று பம்ப்புக்கும் போகிறது. இந்த இடத்தில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. பம்ப்புக்குப் போகும் கிளை அறுந்தாலும், துருப்பிடித்து ஒட்டினாலும் வண்டி ஓடுவதில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்திருக்கும், ஆயில் மட்டும் ஐடிலுக்கு வருகிற அளவே வரும். நெடுஞ்சாலையில் ஒரே பிடியில் என்ஜின் நிற்கும். பம்ப் கவரைத் திறந்து வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரைத் திருகுங்கள், பம்ப் புல்லி கூடவே திரும்பி, விட்டதும் தானாகத் திரும்பி வர வேண்டும்.

ஆயில் டேங்கில் இருக்கும் பழைய ஆயிலை முழுக்க வடித்துவிடுங்கள். அடியில் கூழாக உறைந்திருக்கும், வாயிலுள்ள சல்லடையை அதுவே அடைத்திருக்கும். டீசலால் அலசி, காய வைத்து, புது ஆயில் ஊற்றுங்கள். மஞ்சளாகி விறைத்துப்போன குழாய்களை மாற்றிவிடுங்கள், வெடிப்பு வழியாகக் காற்றை இழுக்கும். பிறகு பம்ப்பில் உள்ள சிறிய காற்று நீக்கும் ஸ்குரூவைக் கழற்றினால் முதலில் குமிழியும் ஆயிலுமாக வரும். குமிழி நின்று ஆயில் மட்டும் சீராக ஒழுகும்போது வாஷரோடு இறுக்குங்கள். பம்ப்பிலிருந்து என்ஜினுக்குப் போகும் மெல்லிய குழாயில் இன்னும் காற்று இருக்கும். அது என்ஜின் ஓடும்போதுதான் போகும். ஆகவே முதல் ஒரு டேங்குக்கு, பம்ப் நன்றாக இருந்தாலும், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 முதல் 25 மி.லி. டூ-டி ஆயிலைக் கலந்தே ஊற்றுங்கள். புகை கூடும், பரவாயில்லை. என்ஜின் ஐடிலில் ஓடும்போது பம்ப் கேபிளை மட்டும் கையால் முழுக்க இழுத்துப் பிடித்தால் மெல்லிய குழாயில் குமிழிகள் நகர்ந்து போவது தெரியும். ஆயில் டேங்கில் ஒரு கோடு போட்டு வையுங்கள். 100 கி.மீ. ஓடிய பிறகும் மட்டம் இறங்கவே இல்லை என்றால் பம்ப் வேலை செய்யவில்லை.

பம்ப்பைப் பிடுங்கிவிட்டு நிரந்தரமாகக் கலந்து ஓட்டுகிறவர்கள் உண்டு. லிட்டருக்கு 30 மி.லி. கலந்தால் ஓடும். யெஸ்டிக்கும் பழைய ராஜ்தூத்துக்கும் கலப்பதுதான் முறையே. ஆனால் நல்ல பம்ப்பை வீணாக்குவதில் எங்களுக்குச் சம்மதமில்லை, ஏனென்றால் அது ஆக்சிலேட்டருக்குத் தக்கபடி அளந்து கொடுக்கிறது. ஆயில் டப்பாவில் ஜாஸோ (ஜப்பானியத் தர அளவு) எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்று போட்டிருக்க வேண்டும். ஃபோர்-டி ஆயிலைப் பெட்ரோலில் கலக்கவே கூடாது. அது எரிவதற்குச் செய்ததல்ல, பிளக்கையும் போர்ட்டையும் கரியால் அடைக்கும்.

பெட்ரோல் டேங்க்கைத் திறந்து முகர்ந்தாலே தெரியும். வார்னிஷ் மாதிரி புளித்த வாடை வந்தால் அந்தப் பெட்ரோலில் ஒரு சொட்டுகூட என்ஜினுக்குப் போகக் கூடாது. துரு இருந்தால் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றாதீர்கள். துருவோடு தகட்டையும் தின்றுவிடும், பெயின்ட்டில் பட்டால் அதுவும் போச்சு. லெமன் சால்ட் என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் போதும். ஒரு லிட்டர் சுடுதண்ணீருக்கு 100 கிராம், டேங்க் நிரம்ப ஊற்றி ஒரு நாள். பெட்ரோல் டேப்பை முன்பே கழற்றி, ஓட்டையைத் தகடும் ரப்பரும் வைத்து அடைத்துக்கொள்ள வேண்டும். வடித்த பிறகு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, உடனே காற்றடித்து உலர்த்தி, கால் லிட்டர் பெட்ரோலில் 50 மி.லி. டூ-டி ஆயில் கலந்து உள்ளே முழுக்கச் சுழற்றிவிடுங்கள். அலசிவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வருவதற்குள் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்திருக்கும். டேங்கில் ஓட்டை விழுந்திருந்தால் 'காலி டேங்க்தானே' என்று நெருப்பு வைக்கச் சொல்லாதீர்கள். பல வருடம் காலியாகக் கிடந்த டேங்கிலும் ஆவி இருக்கும், வெடிக்கும். டேங்க் வேலை தெரிந்தவரிடம் மட்டுமே கொடுங்கள். மூடியில் உள்ள காற்றுத் துளையையும் ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் வண்டி இரண்டு கிலோமீட்டர் போய் நிற்கும், மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று இழுக்கும், மறுபடி இரண்டு கிலோமீட்டர் போகும்.

கார்புரேட்டர் மிக்குனி வி.எம். 20. ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு உடம்பைத் தின்னரில் ஊற வையுங்கள். பெரும்பாலும் அடைத்திருப்பது ஸ்லோ ஜெட், அதாவது ஐடிலில் பெட்ரோல் விடும் சிறு துளை. அதை ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். மின்சார ஒயரின் ஒற்றைச் செம்பு நூலை விட்டு இழுத்து, கம்ப்ரசர் காற்று அடியுங்கள். வெளிச்சத்தில் பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஏர் ஸ்குரூவை மெல்ல உள்ளே முடித்து, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள். இதில் ஒரு குழப்பம் உண்டு: இது காற்றைக் கட்டுப்படுத்தும் ஸ்குரூ என்பதால் உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே திருகினால் குறையும். ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் இதற்கு நேர்மாறு. கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள ரீட் வால்வையும் எடுத்துப் பாருங்கள், இதழ்கள் படிந்து உட்கார வேண்டும், முனையில் சிதைவோ வெடிப்போ இருந்தால் மாற்றுங்கள்.

மின்சாரம் ஒப்பிடுகையில் எளிது. ஆர்.எக்ஸ்.ஸில் மின்னணு முறையில் பொறி தரும் சி.டி.ஐ. பெட்டி இருப்பதால், திறந்து மூடிப் பொறி தரும் பாயின்ட்டின் தொல்லை கிடையாது. யெஸ்டியிலும் ராஜ்தூத்திலும் பாயின்ட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, 0.35 மி.மீ. அளவுக்கு இடைவெளி வைக்க வேண்டும். புது பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. பொறி பார்க்கும்போது பிளக்கின் உலோகம் ஹெட்டில் அழுந்தத் தொட்டிருக்க வேண்டும். ஒயரை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு உதைத்தால் சி.டி.ஐ. பெட்டி போய்விடும். பொறி வரவில்லை என்றால் பெட்டியைக் குறை சொல்லும் முன் எர்த் ஒயர்களைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், பச்சை பூத்திருக்கும்.

கியர் ஆயிலை வடிக்கும்போது காபி மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மலிவான ஆயில் ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். கார் ஆயில் வேண்டாம், கிளட்ச் வழுக்கும். கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், கிளட்ச் பிடியை இழுத்துக் கயிற்றால் ஹேண்டிலோடு கட்டி இரவு முழுக்க விட்டு, காலையில் கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் விடும். இதைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்து கியர் போட்டால் வண்டி எகிறிப் பாயும்.

பிரேக்கைத் திறக்காமல் தெருவில் இறக்கவே கூடாது. பார்வைக்கு லைனிங் கனமாகத்தான் இருக்கும். ஆனால் பசை செத்துப் போய் ஷூவிலிருந்து கழன்றுவிடும், ஓடும்போது டிரம்முக்குள் மாட்டிக்கொண்டு சக்கரம் பூட்டிக்கொள்ளும். திருப்புளியால் விளிம்பில் நெம்பிப் பாருங்கள், துளி பிளந்தாலும் புது ஷூ. டயர் முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18. டயரின் பட்டன் (தரையில் படும் வரிகள்) எவ்வளவு இருந்தாலும் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 1108 என்றால் 2008-ஆம் ஆண்டு 11-வது வாரம் செய்தது. அந்த டயரில் குழந்தையை உட்கார வைக்காதீர்கள்.

இப்போதுதான் கிக்கர். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்துங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல், கையில் ஒரு கனமான துணி. பிளக் இல்லாமல் பத்துப் பதினைந்து முறை கையாலோ மெதுவாகக் காலாலோ சுற்றி, உள்ளே தேங்கிய எண்ணெயை வெளியேற்றுங்கள். பிறகு பிளக்கை மாட்டி, சோக் இழுத்து, மிதியுங்கள். எடுத்தவுடன் முறுக்காதீர்கள். துணி எதற்கென்றால், எங்காவது காற்று புகுந்தால் சில டூ-ஸ்ட்ரோக் என்ஜின்கள் சாவியை நிறுத்தினாலும் நிற்காமல் தானாகவே ஏறிக்கொண்டே போகும். அப்போது கார்புரேட்டர் வாயைத் துணியால் அடைக்க வேண்டும், அல்லது பிரேக்கை அழுத்திக்கொண்டு டாப் கியரில் கிளட்ச்சை விட்டு அணைக்க வேண்டும். ஒரு நிமிடம் ஓடியதும் நிறுத்தி, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு, ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக இறுக்கிப் பாருங்கள். இப்படி மூன்று முறை. முதல் 500 கி.மீ. பாதி ஆக்சிலேட்டரைத் தாண்ட வேண்டாம்.

ஏற்காட்டிலிருந்தோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ இறங்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு என்ஜின் பிரேக்கில் வராதீர்கள். சக்கரம் என்ஜினை வேகமாகச் சுற்றும், ஆக்சிலேட்டர் மூடியிருப்பதால் ஆயில் மிகக் குறைவாகத்தான் போகும். அரை நிமிடத்துக்கு ஒரு முறை லேசாகத் திறந்து மூடுங்கள்.

பெட்ரோல் பற்றி ஒரு கவலை. 2023-ல் தொடங்கிய இ-20 பெட்ரோல்தான் இப்போது எங்கும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த அந்தப் பெட்ரோலை எண்ணி இந்த வண்டிகள் செய்யப்படவில்லை. எத்தனாலுக்குள் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிந்து என்ஜின் சூடு கூடும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். செங்கல், காபிப்பொடி நிறம் என்றால் சரி. வெள்ளை பூத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டுங்கள். பழைய பெட்ரோல் குழாயும் டேப் வாஷரும் இந்தப் பெட்ரோலில் ஊறிக் குழைந்துவிடும், புதிதாக மாற்றிவிடுவதே நல்லது. இன்னொன்று, எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆயில் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும். ஆயில் மேலே பெட்ரோலோடு நிற்கும். டேப் எடுப்பது அடியிலிருந்து. அதாவது என்ஜினுக்கு முதலில் போவது ஆயில் இல்லாத பகுதி. ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்து வையுங்கள்.

போர் போட்டே ஆக வேண்டும் என்றால் அவசரமாகப் பெரிய அளவுக்குத் தாவ வேண்டாம். 0.25 மி.மீ. ஓவர்சைஸில் கோடு போகும் என்றால் அதோடு நிறுத்துங்கள், அடுத்தடுத்த அளவு பின்னாளுக்கு இருக்கும். பிஸ்டனைக் கையில் வைத்து அளந்த பிறகே லேத்தில் வெட்டச் சொல்லுங்கள், டப்பாவில் அச்சிட்ட எண்ணை நம்பி வெட்டக் கூடாது. வெட்டிய பிறகு போர்ட் விளிம்புகள் கத்தி மாதிரி இருக்கும், அவற்றை லேசாக உருட்டவில்லை என்றால் புது ரிங்கைச் சீவிவிடும். இதைச் செய்தாரா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம், ரிங் வாய் அதற்கான சிறு முளையில், லாக் கிளிப் கட்டாயம் புதிது. சென்னை புதுப்பேட்டையில் பழைய ஒரிஜினல் பொருள் இன்னமும் கிடைக்கிறது. புது உறையில் வரும் பெயர் தெரியாத சீலைவிட, விலை கூடினாலும் நல்ல சீல் வாங்குங்கள்.

இத்தனைக்கும் முன்னால் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பதிவு 15 ஆண்டுக்குத்தான், பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி தனி. 50 ஆண்டு கடந்த வண்டிக்கு உரிய விண்டேஜ் பதிவு இதற்குப் பொருந்தாது, முதல் ஆர்.எக்ஸ். 100-க்கே அந்த வயது 2035-ல்தான் வரும். ஆர்.டி.ஓ. ஆய்வில் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஒப்பிடுவார்கள். சேசிஸ் எண் மேல் பெயின்ட் அடிக்கக் கொடுக்கும் முன், எண் தெளிவாக இருக்கும்போதே பென்சிலால் தாளில் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் கேஸ் உடைந்து வேறு கேஸ் போட்டால் எண் மாறும், அதை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பழைய கேஸ் எவ்வளவு சிதைந்திருந்தாலும், அந்த வேலை முடியும்வரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
டூ-ஸ்ட்ரோக் பட்டறைக்காரர்கள் இருவர்,
சேலம்.